வீட்டு ஒலிப்பதிவுக்கு எலக்ட்ரிக் பியானோ: வாசகர் கேள்வி பதில்

இசைப் பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைச் சுற்றியே இருந்தன. கொம்பியூட்டரில் வாசிக்கும் எலக்ட்ரிக் பியானோ மென்பொருள்களில் எதை எடுப்பது, எடுத்ததை எப்படி உயிரோடு ஒலிக்கவைப்பது என்பதுதான் அது. ஆகவே இம்முறை முழுப் பகுதியையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

வாசகி, வெள்ளவத்தை: வீட்டில் பாடிப் பதிவு செய்கிறேன். பின்னணிக்கு எலக்ட்ரிக் பியானோ தேடினால் ரோட்ஸ், வூர்லி, டிஎக்ஸ் என்று பெயர்கள் வருகின்றன. இவை ஒரே வாத்தியத்தின் வகைகளா? முதலில் எதை வாங்குவது?

மூன்றும் வெவ்வேறு வாத்தியங்கள். ஒலி பிறக்கும் விதமே வேறு என்பதால், பாட்டில் அவை பொருந்தும் இடமும் வேறு.

ரோட்ஸில் தந்தி கிடையாது. விசையை அழுத்தினால் ஒரு சிறு சுத்தியல் மெல்லிய உருக்குக் கம்பி ஒன்றை அடிக்கும். டைன் என்று சொல்லப்படும் அந்தக் கம்பிக்கு மேலே தடித்த உலோகப் பட்டை ஒன்று உண்டு. இரண்டும் சேர்ந்து இசைக்கவையாக அதிரும். கம்பியின் நுனிக்கு எதிரே, எலக்ட்ரிக் கிட்டாரில் இருப்பதுபோல், அதிர்வை மின்னொலியாக்கும் ஒரு காந்தப் பிக்கப் இருக்கும். மெதுவாக அடித்தால் கம்பி சிறிதளவே அசையும், ஒலி உருண்டையாக, மணிச் சாயலோடு வரும். பலமாக அடித்தால் கம்பியின் வீச்சு காந்தப் புலத்தின் நடுப்பகுதியைத் தாண்டிப் போய்வரும், அப்போது ஒலி உறுமும். ஹரல்ட் ரோட்ஸின் பெயரில் ஃபெண்டர் நிறுவனம் 1965இல் 73 விசைகளோடு இதை வெளியிட்டது. மென்பொருள்களில் நீங்கள் காணும் ‘சூட்கேஸ்’, ‘ஸ்டேஜ்’ என்ற பெயர்கள் அதன் இரு வடிவங்கள். சூட்கேஸுக்கு அடியில் அம்ப்பும் ஸ்பீக்கரும் கூடவே வரும், ஸ்டேஜில் அவை இல்லை.

வூர்லி என்பது வூர்லிட்ஸர். அதில் தட்டையான உருக்கு ரீட்கள். ஹார்மோனியத்தில் ரீட் காற்றால் அதிரும், இங்கே சுத்தியலால் அதிரும். பிக்கப்பும் காந்தம் அல்ல. ரீட் ஒரு உலோகத் தகட்டின் இடைவெளிக்குள் அசையும்போது மாறும் மின்தேக்கத்தைத்தான் அது ஒலியாக்குகிறது. மென்பொருள்களில் அதிகம் போலச் செய்யப்படுவது 64 விசை கொண்ட 200ஏ மாதிரி. மூக்கால் பாடுவதுபோன்ற நடு அலைவரிசை, ரோட்ஸைவிடச் சீக்கிரம் மங்கும் சுரம், கொஞ்சம் அழுத்தினாலே கரகரக்கும் இயல்பு, இவைதான் அதன் அடையாளம்.

டிஎக்ஸ் என்பது யமஹா 1983இல் வெளியிட்ட டிஎக்ஸ்7. அதில் சுத்தியலும் இல்லை, கம்பியும் இல்லை. எஃப்எம் முறையில், அதாவது ஒபரேட்டர்கள் எனப்படும் 6 மின்னலை உருவாக்கிகள் ஒன்றின் அலைவரிசையை ஒன்று மாற்றி எழுப்பும் ஒலி அது. கண்ணாடியில் தட்டியதுபோலத் தெளிவாக வரும், எவ்வளவு பலமாக வாசித்தாலும் உறுமாது.

உங்கள் தேவைக்கு முதலில் ரோட்ஸ். மெல்லிய தொடுகை முதல் உறுமல் வரை அதன் வீச்சு அகலமானது, குரலுக்கு வழிவிட்டு ஒதுங்கவும் அதற்குத் தெரியும். கிட்டாரும் டிரம்ஸும் நெருக்கியடிக்கும் பாட்டில் ரோட்ஸ் காணாமல் போய்விடும், அங்கே வூர்லியை எடுங்கள். டிஎக்ஸ் ஒலிக்குக் காசு கொடுக்கவே வேண்டாம், ஏனென்று கீழே தெஹிவளை வாசகருக்கான பதிலில் இருக்கிறது.

வாசகர், கொட்டாஞ்சேனை: என் லப்டொப்பில் 8 ஜிபி ரம், 256 ஜிபி எஸ்எஸ்டி. சில பியானோத் தொகுப்புகள் பல பத்து ஜிபி வருகின்றன. சில 100 எம்பிகூட இல்லை. பெரியதுதான் நல்லதா?

அளவு தரத்தைச் சொல்வதில்லை, செய்முறையைச் சொல்கிறது. உண்மையான வாத்தியத்தை ஒவ்வொரு விசையாக வாசித்துப் பதிந்து வைத்தது சாம்பிள் முறை. கம்பி, சுத்தியல், பிக்கப் ஆகியவற்றின் இயற்பியலை அந்த நேரத்திலேயே கணக்குப்போட்டு ஒலி எழுப்புவது மொடலிங் முறை.

சாம்பிள் ஏன் பெருக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 பிட், 44.1 கிலோஹேர்ட்ஸ் ஸ்டீரியோப் பதிவு நொடிக்குச் சுமார் 0.26 எம்பி. ஒரு சுரம் மங்க 20 நொடி என்றால் 5 எம்பிக்குச் சற்று மேல். 73 விசை, ஒவ்வொன்றும் மெதுவிலிருந்து பலம்வரை 8 படிகளில் என்றால் 584 பதிவுகள், அதுவே 3 ஜிபி. விசையை விடும்போது எழும் சத்தம், ஒரே பலத்தில் மாறி மாறி வரும் பதிவுகள், பல வாத்தியங்கள் என்று சேர்த்தால் ஸ்பெக்ட்ராசோனிக்ஸின் கீஸ்கேப் போல 70 ஜிபியைத் தாண்டிவிடும். உங்கள் டிஸ்கில் அது கால்வாசிக்கு மேல் தின்றுவிடும், தரவிறக்க டேட்டாவும் வேண்டும். அதன் ஒலி மிக அழகானது என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை, ஆனாலும் உங்கள் இயந்திரத்துக்கு அது பொருந்தாது.

மொடலிங் முறையில் மொடார்ட்டின் பியானோடெக், அப்ளைட் அகூஸ்டிக்ஸின் லவுஞ்ச் லிசர்ட், ஆர்ட்டூரியாவின் ஸ்டேஜ்-73 ஆகிய மூன்றும் ஆராயத்தக்கவை. இவை டிஸ்கில் இடம் பிடிக்காது, புரொசெசருக்குத்தான் வேலை கொடுக்கும். பெடலை மிதித்தபடி ஒரே கோர்ட்டைத் திரும்பத் திரும்ப அடிக்கும் இடத்தில் இவற்றின் பலம் தெரியும். நிஜ ரோட்ஸில் ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கும் கம்பியைச் சுத்தியல் மறுபடி அடிப்பதால் ஒவ்வொரு அடியும் சற்று மாறி ஒலிக்கும். மொடல் அதைக் கணக்கிடும், சாம்பிள் புதிதாக ஒரு பதிவை மேலே போடும், அவ்வளவுதான். மறுபக்கம், தனியாக ஒரு சுரத்தை அடித்துவிட்டு அது மங்கும்வரை காத்திருந்தால், நல்ல சாம்பிளில் கேட்கும் பழைய மரமும் உலோகமும் மொடலில் சற்றுக் குறைவு.

வாங்குமுன் டெமோவை இறக்கிச் சோதியுங்கள். பியானோடெக்கின் டெமோவில் நேர வரம்பும் சில ஊமை விசைகளும் உண்டு, ஆனால் மதிப்பிட அது போதும். நடு சி விசையை மிக மெதுவாகத் தொடங்கி எட்டு அடிகளில் முழுப் பலத்துக்குக் கொண்டுபோங்கள். ஒலி வழுக்கிக்கொண்டு ஏறவேண்டும். எங்காவது படி ஏறியதுபோல் குதித்தால் அங்கே சாம்பிள் அடுக்கு மாறுகிறது. அந்தக் குதிப்பு நீங்கள் வழக்கமாக வாசிக்கும் பலத்திலேயே விழுந்தால், எவ்வளவு பெயர்பெற்ற தொகுப்பானாலும் அது உங்களுக்கானதல்ல. பிறகு ஒரே நோட்டை ஒரே பலத்தில் வேகமாகப் பத்துத் தரம் அடியுங்கள், அச்சடித்ததுபோல் ஒரே ஒலி வந்தால் தாளப் பகுதிகளில் அது காட்டிக்கொடுக்கும். கடைசியாக ஒரு கோர்ட்டை 15 நொடி பிடித்திருங்கள். மங்கும் வாலில் அலை அலையாக ஒரே துண்டு திரும்பி வந்தால், அந்தப் பதிவு குறுக்கப்பட்டு லூப் செய்யப்பட்டிருக்கிறது.

வாசகர், தெஹிவளை: படிக்கும் மாணவன். செலவழிக்க வழியில்லை. இலவசமாக நல்லது எது?

தம்பி, இலவசமாகவே ஒரு முழுப் பாட்டுக்குத் தேவையானது கிடைக்கும். முதலில் கையில் ஏற்கெனவே இருப்பதைப் பாருங்கள். மக் கொம்பியூட்டர் என்றால் கராஜ்பாண்டில் எலக்ட்ரிக் பியானோக்கள் உள்ளன. எஃப்எல் ஸ்டூடியோ என்ற பாட்டு மென்பொருள் இருந்தால் அதில் எஃப்எல் கீஸ் என்ற பியானோ உண்டு. ஆர்ட்டூரியாவின் மிடி கீபோட், அதாவது கொம்பியூட்டரோடு இணைத்து வாசிக்கும் கீபோட், வாங்கியவர்களுக்குக் கூடவே வரும் அனலொக் லாப் பதிப்பில் ஸ்டேஜ்-73, வூர்லி ஒலிகள் சேர்ந்தே இருக்கும். பலர் பெட்டியில் வரும் குறியீட்டைப் பதிவு செய்யாமலே விட்டுவிடுகிறார்கள்.

ரோட்ஸுக்கு ஜேரோட்ஸ்3 என்ற இலவசத் தொகுப்பை எடுங்கள். அது எஸ்எஃப்செட் வடிவில் வரும், அதை வாசிக்க புலோக் நிறுவனத்தின் ஸ்ஃபோர்ஸாண்டோ என்ற இலவச பிளேயர் வேண்டும். பிளேயரை நிறுவுங்கள். தொகுப்பை ஒரு நிரந்தர ஃபோல்டரில் விரியுங்கள். பாட்டு மென்பொருளில் ஸ்ஃபோர்ஸாண்டோவைத் திறந்து, எஸ்எஃப்செட் கோப்பை அதன் மேல் இழுத்து விடுங்கள். ஒலி வராவிட்டால் அனேகமாகக் காரணம் ஒன்றுதான்: எஸ்எஃப்செட் கோப்பை மட்டும் வேறு இடத்துக்கு மாற்றியிருப்பீர்கள். அந்தக் கோப்பு வெறும் எழுத்துப் பட்டியல், ஒலிப்பதிவுகள் பக்கத்து ஃபோல்டரில் இருக்கின்றன. இரண்டையும் பிரிக்கக்கூடாது. ஜிப் கோப்பை விரிக்காமல் உள்ளிருந்தே திறந்தாலும் இதே தொல்லைதான்.

டிஎக்ஸ்7க்கு டெக்ஸெட். இலவசம், திறந்த மூல மென்பொருள், அசல் டிஎக்ஸ்7இன் ஒலி அமைப்புகளைக் கொண்ட சிஸ்எக்ஸ் கோப்புகளையே ஏற்றும். ரொம் 1ஏ என்ற டிஎக்ஸ்7 ஒலித் தொகுப்பில் 11ஆவது இடத்தில் இருப்பதுதான் உலகம் முழுக்கக் கேட்ட அந்த ‘ஈ.பியானோ 1’. அசல் வாத்தியத்தின் வெளியீடு மோனோ, அதாவது இடம் வலம் இல்லாத ஒற்றை ஒலி. அப்படியே விட்டால் மெலிந்து கேட்கும், மேலே ஒலியை இரட்டித்து அகலமாக்கும் கோரஸ் எஃபெக்ட் ஒன்றைப் போட்டால்தான் நினைவிலிருக்கும் அந்த ஒலி வரும்.

ஒன்று கவனியுங்கள். பாட்டு மென்பொருளுக்குள் திறக்கும் இப்படியான துணை மென்பொருள்களைப் பிளக்-இன் என்பார்கள். பழைய இலவச பிளக்-இன்கள் பல 32 பிட். இன்றைய 64 பிட் மென்பொருள்களில் பெரும்பாலானவை அவற்றைப் பட்டியலிலேயே காட்டாது. நிறுவியது தெரியவில்லையே என்று மணிக்கணக்கில் தேடுமுன் அதைப் பாருங்கள்.

வாசகி, மோதரை: மகள் வாசிக்கும்போது மென்மையான இடத்தில் திடீரென்று ஒரு நோட் மட்டும் அடித்ததுபோல் பலமாக வருகிறது. பியானோ மென்பொருளை இருமுறை மாற்றியும் அதே கதி. கீபோட் நான்கு வருடம் பழசு.

மென்பொருளில் பிழை இல்லை, அதை மாற்றுவதை நிறுத்துங்கள். எலக்ட்ரிக் பியானோ விடயத்தில் மென்பொருளைவிடக் கீபோட்டுக்கே நாங்கள் அதிகம் முக்கியத்துவம் கொடுப்போம், காரணம் இதுதான்.

மிடி கீபோட்டில் பலத்தை அளக்கும் கருவி எதுவும் இல்லை. ஒவ்வொரு விசையின் கீழும் றப்பர் குமிழ் ஒன்றில் இரண்டு கரித் தொடுகைகள் இருக்கும். விசை இறங்கும்போது முதலாவது தொடும், பிறகு இரண்டாவது தொடும். இடைப்பட்ட நேரத்தை அளந்து, நேரம் குறைந்தால் பலமான அடி என்று கணக்கிட்டு, 1 முதல் 127 வரை ஒரு வெலோசிட்டி எண்ணை அனுப்பும். முதல் தொடுகையில் அழுக்குப் படிந்து தாமதமாகத் தொட்டால், இரண்டுக்கும் இடைப்பட்ட நேரம் சுருங்கிவிடும். மெதுவாக அழுத்தியதைக் கீபோட் 120 என்று வாசிக்கும். சாதாரணப் பியானோ ஒலியில் அது சத்தக் கூடுதலாக மட்டும் தெரியும், ரோட்ஸில் உறுமலாகவே வெடிக்கும்.

முதலில் உறுதிப்படுத்துங்கள். பாட்டு மென்பொருளில் பதிவு செய்து, நோட்டுகளின் வெலோசிட்டிக் கோடுகளைப் பாருங்கள். மகளிடம் ஒவ்வொரு விசையையும் ஒரே மென்மையில் பத்துப் பத்துத் தரம் அடிக்கச் சொல்லுங்கள். எண்கள் 35, 40, 38 என்று போய் நடுவே 115 என்று ஒன்று துள்ளினால், அந்த விசையின் தொடுகைதான் அழுக்கு. எல்லா விசைகளும் பொதுவாகவே கூடுதலாக வந்தால் அது அழுக்கல்ல, அடியின் பலத்தை எண்ணாக மாற்றும் அமைப்பான வெலோசிட்டி வளைவு பொருந்தவில்லை. சரியாக எட்டு எட்டு விசைகள் தள்ளி ஒவ்வொன்றும் ஊமையாகவோ தாறுமாறாகவோ இருந்தால் உள்ளே இருக்கும் நாடாக் கேபிளையோ பலகையையோ திருத்துபவர்தான் பார்க்கவேண்டும், துடைப்பதால் ஆகாது.

அழுக்கு என்றால் திருத்துவது கடினமல்ல, உத்தரவாதக் காலம் முடிந்திருந்தால் மட்டும் திறவுங்கள். யூஎஸ்பியைக் கழற்றுங்கள். அடிப்பக்கத் திருகாணிகளைக் கழற்றும்போது எது எங்கிருந்து வந்தது என்று ஒரு படம் எடுத்து வையுங்கள், நீளம் வேறுபடும். விசைத் தொகுதியை எடுத்தால் கீழே நீளமான றப்பர்ப் பட்டிகள் தெரியும். அவற்றை மெதுவாக உரித்து, பலகையிலுள்ள கறுப்புக் கரித் தடங்களையும் றப்பருக்கு உள்ளேயுள்ள கறுப்புப் பொட்டுகளையும் ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட பஞ்சுக் குச்சியால் ஒரு தரம் தடவுங்கள். சுரண்டவேண்டாம், கரி உரிந்தால் அந்த விசை போயிற்று. விரலால் தொடவும் வேண்டாம், தோலின் எண்ணெய்தான் அடுத்த வருட அழுக்கு. நன்றாக உலர்ந்த பிறகு பட்டியின் காதுகளை ஒவ்வொரு துளையிலும் முழுமையாக அமர்த்துங்கள். ஒன்று தூக்கி நின்றாலும் அந்த விசை முன்பைவிட மோசமாகும்.

கடலோர வீடுகளில் உப்புக் காற்றும் தூசியும் சேர்ந்து இதைச் சீக்கிரம் கொண்டுவரும். வாசிக்காத நேரத்தில் யன்னலோரத்தில் திறந்து வைக்காமல் துணி போட்டு மூடிவையுங்கள்.

துடைத்த பிறகு வளைவையும் சரிசெய்யுங்கள். மகளின் வழக்கமான வாசிப்பு 60 முதல் 80க்குள், வேண்டுமென்று அழுத்தும் இடம் 100க்கு மேல் விழவேண்டும். கீபோட்டில் சொஃப்ட், நோர்மல், ஹார்ட் என்று வளைவுகள் இருக்கும், பியானோ மென்பொருளிலும் தனியாக ஒன்று இருக்கும். இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் மாற்றினால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, நடுத்தரமான ஒலியே இல்லாமல் மென்மையும் உறுமலும் மட்டும் மிஞ்சும்.

வாசகர், நாரஹேன்பிட்டி: விசையை அழுத்திச் சற்றுப் பொறுத்துத்தான் சத்தம் வருகிறது. விண்டோஸ் லப்டொப், புளூடூத் ஹெட்ஃபோன்.

புளூடூத்தைக் கழற்றுங்கள். அது மட்டுமே 100 மில்லிநொடிக்கு மேல் தாமதம் சேர்க்கக்கூடும், வேறெதைத் திருத்தியும் அதை ஈடுகட்ட முடியாது. வயர் ஹெட்ஃபோன் போட்டபிறகு ஓடியோ அமைப்பில், தாமதத்தைக் குறைக்கும் அசியோ டிரைவரைத் தெரிவுசெய்யுங்கள். யூஎஸ்பியில் செருகும் தனி ஓடியோ இன்டர்ஃபேஸ் இருந்தால் அதன் தயாரிப்பாளர் தரும் அசியோவை நிறுவுங்கள், இல்லாவிட்டால் இலவசமான அசியோ4ஓல் உதவும். பிறகு பஃபர் அளவு, அதாவது கொம்பியூட்டர் ஒரே தடவையில் சேர்த்து அனுப்பும் ஒலித் துண்டின் அளவு: 44.1 கிலோஹேர்ட்ஸில் 512 என்றால் 11.6 மில்லிநொடி, 256 என்றால் 5.8, 128 என்றால் 2.9. இதற்கு மேல் இன்டர்ஃபேஸின் சொந்தத் தாமதமும் சேரும். வாசிக்கும்போது 128, சத்தம் வெடித்தால் 256, மிக்ஸிங்கின்போது 512 அல்லது 1024.

128இல் வெடிக்கிறதென்றால் உடனே லப்டொப்பைக் குறைசொல்லாதீர்கள். சார்ஜரைச் செருகி, பவர் அமைப்பை உச்ச செயற்திறனுக்கு மாற்றி, வைஃபையை அணைத்துப் பாருங்கள். முழுப் பாட்டும் சேர்ந்து போகும் மாஸ்டர் தடத்தில் உச்சச் சத்தத்தைக் கட்டுப்படுத்தும் லிமிட்டரோ, நேரியல் ஃபேஸ் வகை ஈக்யூவோ (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைப்பது) போட்டிருந்தால் அதை எடுங்கள். அவை பஃபர் எண்ணில் தெரியாத தாமதத்தைச் சேர்க்கும்.

வாசகர், மருதானை: காசு கொடுத்து வாங்கிய ரோட்ஸ் பிளக்-இன். தனியாகக் கேட்டால் அழகு. பாட்டில் போட்டால் பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது. என்ன குறை?

அனேகமாக அம்ப் குறை. ஸ்டேஜ் ரோட்ஸிலிருந்து நேரடியாக வரும் மின்னொலி மெலிந்ததுதான். பழைய பதிவுகளில் நாம் கேட்டுப் பழகியது ஒரு கிட்டார் அம்ப் வழியாகவோ, சூட்கேஸின் 12 அங்குல ஸ்பீக்கர்கள் வழியாகவோ போய், அறைக் காற்றோடு கலந்து வந்த ஒலி. உங்கள் பிளக்-இனில் நேரடி வெளியீடு தெரிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அம்ப் பகுதி இருந்தால் அதைத் திறவுங்கள். இல்லாவிட்டால் ஏதாவதொரு இலவச கிட்டார் அம்ப் பிளக்-இன்னைச் சுத்தமான ஒலியில் வைத்து, மெதுவாக வாசிக்கும்போது தெளிவாகவும் அழுத்தும்போது மட்டும் சற்றுக் கரகரப்பாகவும் வரும் அளவுக்கு உள்ளீட்டை ஏற்றுங்கள். ஸ்பீக்கர்ப் பெட்டியைப் போலச் செய்யும் கபினெட் பகுதியை அணைத்துவிடாதீர்கள். ஸ்பீக்கர் 5 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் வெட்டுவதால்தான் கூர்மை அடங்குகிறது.

வரிசையும் முக்கியம். பியானோ, கரகரப்பூட்டும் அம்ப்பின் டிரைவ், பிறகு சத்தத்தைச் சீராக ஏற்றி இறக்கும் ட்ரெமொலோ, கடைசியில் அறை எதிரொலி தரும் ரிவேர்ப். ட்ரெமொலோவை டிரைவுக்கு முன்னால் போட்டால் ஏறி இறங்கும் சத்தத்தை டிரைவ் சமன்செய்து அசைவையே கொன்றுவிடும். ஒலியைச் சுழல்வதுபோல் அசைக்கும் ஃபேஸர் வேண்டுமென்றால் நொடிக்கு 0.2 முதல் 0.4 சுற்று என்ற மெதுவான வேகத்தில் போதும்.

ட்ரெமொலோ வேகத்தைப் பாட்டின் தாளத்தோடு கட்ட ஒரு எளிய கணக்கு: பிபிஎம்மை, அதாவது நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்பதை, 60ஆல் வகுத்து, ஒரு தட்டுக்கு எத்தனை அசைவு வேண்டுமோ அதால் பெருக்குங்கள். 75 பிபிஎம் பாட்டில் தட்டுக்கு இரண்டு என்றால் 2.5 ஹேர்ட்ஸ். தட்டுக்கு மூன்று என்றால் 3.75. எங்கள் விருப்பம், தாளத்தோடு ஒட்டாமல் சற்று விலகி 2.7 என்று வைப்பது. கட்டிப்போட்ட அசைவு நான்கு வரிக்குப் பிறகு காதை அலுக்கவைக்கும்.

வாசகர், கிராண்ட்பாஸ்: தேவாலயப் பாடற்குழுவில் லப்டொப்பிலிருந்து ரோட்ஸ் வாசிக்கிறேன். வீட்டு ஹெட்ஃபோனில் நன்றாக இருப்பது அங்கே போனால் சத்தம் ஏறி இறங்கி, சொற்களையும் அமுக்குகிறது.

இரண்டு பிழைகள் சேர்ந்திருக்கின்றன. ஏறி இறங்குவதற்குக் காரணம் சூட்கேஸ் வகை ட்ரெமொலோ. அது சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதில்லை, இடமும் வலமுமாக மாற்றி அனுப்புகிறது. மிக்ஸரில் இடது வயரை மட்டும் செருகியிருப்பார்கள். அப்போது ஒலி வலப்பக்கம் போகும் ஒவ்வொரு முறையும் உங்களுக்கு அது காணாமல் போகிறது. பிளக்-இனில் மோனோ வெளியீட்டைத் தெரிவுசெய்யுங்கள், அல்லது இடது வலது இரண்டையும் செருகச் சொல்லுங்கள், அல்லது ட்ரெமொலோவை அணையுங்கள். வூர்லியின் ட்ரெமொலோ இயல்பிலேயே மோனோ, அதை அப்படியே வைத்திருக்கலாம்.

சொற்கள் அமுங்குவது இடது கையால். ரோட்ஸின் கனம் 200 முதல் 400 ஹேர்ட்ஸ் வரை திரளும், அங்கேதான் ஆண் குரலின் உடலும் பேஸ் கிட்டாரின் மேற்பகுதியும் இருக்கின்றன. பேஸ் வாசிப்பவர் இருந்தால் நடு சிக்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள சிக்கு அப்பால் இடது கையைக் கொண்டுபோகவேண்டாம். மூல சுரத்தையும் விட்டுவிடலாம். டி மைனர் 7க்கு எஃப், ஏ, சி மூன்றும் போதும், டி பேஸில் இருக்கிறது. இவ்வளவும் செய்தபிறகு 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, 300இல் 2 அல்லது 3 டெசிபல் குறையுங்கள். கையைத் திருத்தாமல் ஈக்யூவில் 8 டெசிபல் குறைத்தால் ரோட்ஸ் பொம்மைப் பியானோவாகிவிடும்.

வாசகி, பம்பலப்பிட்டி: கர்நாடக சங்கீத ஆசிரியை. 5½ கட்டையில் பாடும் கீர்த்தனைக்கு மெல்லிய எலக்ட்ரிக் பியானோ சேர்க்க விரும்புகிறேன். சுருதிப் பெட்டியோடு சேரும்போது ஏதோ உரசுகிறது.

உங்கள் காது சரியாகத்தான் சொல்கிறது, அம்மா. உரசலுக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்.

ஒன்று, சாம்பிள் ரோட்ஸில் சில நோட்டுகள் பதிந்த வாத்தியத்திலேயே சற்று விலகியிருக்கும். 440 ஹேர்ட்ஸ் அருகில் 4 சென்ட் (ஒரு சென்ட் அரைச்சுரத்தில் நூறில் ஒன்று) விலகினாலே சுருதியோடு நொடிக்கு ஒரு துடிப்புக் கேட்கும். மேல் ஸ்தாயியைச் சற்று ஏற்றிச் சுருதி கூட்டும் வழக்கமும் இருக்கிறது. மொடலிங் வகையில் இந்த விலகல்களைச் சுழியமாக்கலாம். பியானோடெக் வேறு சுரத்தான அளவுகளையும் ஏற்கும் என்பதால் உங்களுக்கு அதைத்தான் சொல்வோம்.

மற்றது, கீபோட்டுகளில் வழக்கமான, எல்லா அரைச்சுரங்களையும் சமப்படுத்திய சுருதிமுறையில் அந்தர காந்தாரம் 400 சென்ட். தம்பூராவில் நீங்கள் கேட்கும் இயல்பான காந்தாரம் 386. இந்த முறையில் வாசித்தால் 14 சென்ட் வேறுபாடு எந்த மென்பொருளிலும் உறுத்தும். ஆகவே காந்தாரத்தைப் பியானோவுக்குக் கொடுக்காதீர்கள். ஸட்ஜமும் பஞ்சமமும் மட்டும் நீளமாகப் பிடிக்கச் சொல்லுங்கள், பஞ்சமத்தில் வேறுபாடு 2 சென்ட்தான். கமகம் வரும் இடங்களில் பியானோ மௌனமாக இருக்கட்டும். 5½ கட்டை என்பது ஜி ஷார்ப். வாசிப்பவர் சியில் வாசித்து மென்பொருளில் இடம்மாற்றுவதானால் 8 அரைச்சுரம் ஏற்றுவதைவிட 4 இறக்குங்கள், ரோட்ஸின் கீழ்ப்பகுதி குரலுக்கு இதமானது.

வாசகர், தெமட்டகொட: வெளிநாட்டு விலை கட்டுப்படியாகவில்லை. எப்போது, எப்படி வாங்குவது?

நவம்பர் கடைசியில் கறுப்பு வெள்ளிக் கழிவு விலைகளுக்குக் காத்திருங்கள். டொலர் கொடுப்பனவை உங்கள் அட்டை ஏற்கிறதா என்று வங்கியிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கழிவு முடியும் இரவில் அட்டை மறுக்கப்படுவது வீண் மனவருத்தம். மாதச் சந்தாவா, ஒரே தரம் வாங்குவதா என்று பார்த்து, எலக்ட்ரிக் பியானோ போன்ற பல வருடம் பாவிக்கும் வாத்தியத்துக்கு ஒரே தரம் வாங்குவதைத் தெரிவுசெய்யுங்கள். ஒரு வாத்தியத்துக்காக முழுத் தொகுப்பை வாங்கவேண்டாம். பூட்டுடைத்த பிரதிகள் பக்கம் போகாதீர்கள். அவற்றோடு வைரஸ் வருவது ஒருபுறம், அடுத்த புதுப்பிப்பில் பிளக்-இன் திறக்காமல் போய் முடித்துவைத்த பாட்டே ஊமையாகும் என்பது மறுபுறம்.

வாசகர், கிருலப்பனை: சஸ்டெய்ன் பெடல் தலைகீழாக வேலை செய்கிறது. மிதித்தால் நிற்கிறது, விட்டால் நீள்கிறது. மென்பொருளில் எங்கே மாற்றுவது?

மென்பொருளில் தேடவேண்டாம். பெடல்களில் இரு வகை: மிதிக்கும்போது சுற்று மூடுவது, மிதிக்கும்போது சுற்றுத் திறப்பது. பல கீபோட்டுகள் மின்சாரம் கிடைக்கும் கணத்தில் பெடலைப் பார்த்து எந்த வகை என்று முடிவெடுக்கும். யூஎஸ்பியைக் கழற்றி, பெடலைச் செருகி, கால் படாமல் வைத்து, மறுபடி யூஎஸ்பியைச் செருகுங்கள். சரியாகாவிட்டால் பெடலின் அடியில் சிறிய ஆளி இருக்கிறதா பாருங்கள், அதைத் தள்ளிவிட்டு அதேபோல் மறுபடி தொடங்குங்கள்.